நான்காம் தாளின் கதவு

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் மூன்றாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, டன்வேர்த் தோட்டத்துத் தகரக் கோயிலில் ஆராதனை முடிந்தபின் வீட்டுக்கு ஒன்றாக ஒரு கடதாசிப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டியின் முகப்பில், ‘காணாமற்போன கற்கோயில் – நீங்களே கட்டிப் பாருங்கள் – தொடக்கநிலையினருக்கானது’ என்று அச்சிட்டிருந்தது. முறைப்பாடு இதுதான்: அந்தக் கோயில் முழுவதும் காணாமற்போகவில்லை. அதில் ஓர் அறை எஞ்சியிருந்தது. அந்த அறைக்குள் மூன்று பேர் சோறாக்கி உண்டு, துணி உலர்த்தி, உறங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். கொழும்பில் இருந்துகொண்டு பெட்டியைச் செய்தவர்கள் பழைய நிழற்படங்களை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். மலையேறி வந்து ஒரு கதவைத் தட்டிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்த மூவரில் ஒருத்தி ஏஞ்சலா. தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்த கொழுந்துக்காரி. மாதர் சங்கத் தலைவி இராசம்மா பெட்டியை நீட்டியபோது இரு கைகளாலும் வாங்கினாள். மேலே அச்சிட்டிருந்த படத்தைப் பார்த்தாள். சதுரக் கோபுரம், சாய்ந்த கூரை, நீண்ட சன்னல்கள். இடப்புறச் சுவரோடு ஒட்டி ஒரு சின்ன அறை. அந்த அறைக்கு வளைவான கல் வாசல். வாசலுக்கு மேலே, இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்தாற்போல ஒரு துளை.

அவளுடைய வீட்டு வாசல் அது. அன்று காலையில்தான் அந்த வாசலைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள்.

“எல்லாரும் கேட்டுக்கங்க,” என்று இராசம்மா குரலை உயர்த்தினாள். “அறுப்புப் பண்டிகைக்கு ஒவ்வொரு வீடும் இத ஒட்டிக் கொண்டாறணும். இத செஞ்ச தம்பி கொழும்புல இருந்து வர்றாரு. பெரிய தொரையும் வர்றாரு. நம்ம பாட்டன் பூட்டன் கல்லு சொமந்து கட்டுன கோயிலு. கடதாசியிலயாவது நேரா நிக்கட்டும்.”

“தொரை எதுக்குக்கா வர்றாரு?” என்று ஏஞ்சலா கேட்டாள்.

“பலகை நடப்போறாங்களாம், இங்கன கோயில் இருந்துச்சுன்னு. வெள்ளக்காரங்க வந்து பாப்பாங்களாம்.” இதைச் சொன்னபோது இராசம்மா ஏஞ்சலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஏய், யாரு அது பின்னால? வந்து வாங்கிக்க,” என்று வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

*

டன்வேர்த் என்பது கொம்பனியின் கணக்கிலுள்ள பெயர். பூண்டுலோயாவிலிருந்து மேலேறும் பஸ்ஸில், கல்லுக்கோயில் தோட்டம் என்று சொன்னால்தான் கொண்டக்டர் இறக்கிவிடுவார். வெள்ளைக்காரத் துரைமார் தமக்கென்று கட்டிய கோயில் அது. அவர்கள் கப்பலேறிப் போனபின் சில காலம் தொழிலாளரின் கோயிலாக இருந்தது. ஓர் ஆடி மாதக் காற்றில் கூரை பறந்தது. மறு மழையில் கோபுரம் சரிந்தது. விழுந்த கற்களை லொறி லொறியாக ஏற்றினார்கள். தொழிற்சாலைப் படிக்கட்டிலும், துரை பங்களாவின் மதிலிலும், ஆற்றுப் பாலத்தின் அடியிலும் அவை இன்றும் இருக்கின்றன. பாறையோடு முதுகை ஒட்டி நின்றதால் அந்தச் சிறு அறை மட்டும் விழவில்லை. குருவானவர் அங்கி மாற்றும் அறையாக இருந்த அதில், மணியடித்துக் கோயிலைக் கூட்டும் கோயில்குட்டியாக இருந்த ஏஞ்சலாவின் மாமனார், பாத்திரங்களுக்கும் வேதப்புத்தகங்களுக்கும் காவலாகப் படுக்கப் போனார். பாத்திரங்களைக் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். காவலாளி அங்கேயே இருந்துவிட்டார். அக்காலத்துத் துரை, “இருந்துக்கோ,” என்று வாயால் சொன்னார். அந்த ஒரு சொல்லைத் தவிர அவர்கள் கையில் வேறெந்த உரிமையும் இல்லை.

தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்து வீடுகளுக்கெல்லாம் இலக்கம் இருந்தது. இந்த வீட்டுக்கு இல்லை. தோட்டத்து வரைபடத்தில் அந்த இடத்தில் ‘கட்டை மடுவம்’, அதாவது விறகுக் கொட்டகை, என்று எழுதியிருந்தது. துரைமார் என்று அழைக்கப்படும் தோட்ட அதிகாரிகள் மாறினார்கள், கொம்பனிகள் மாறின. விறகுக் கொட்டகையைப் பார்க்க எவரும் பாறையடிக்கு ஏறவில்லை. லயத்துச் சனங்கள் அதைப் பாறையடி வீடு என்றார்கள். மறந்தும் கோயில் என்ற சொல்லை அதனோடு சேர்க்கமாட்டார்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையின் காதில் விழக்கூடாது என்று யாரோ ஒரு காலத்தில் தொடங்கிய எச்சரிக்கை, பிறகு எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சைத் தொடாமலிருப்பதே அந்த வீட்டுக்குப் போட்டிருந்த வேலி.

இப்பொழுது அந்த வேலிக்குள் ஒரு கடதாசிப் பெட்டி வந்து விழுந்துவிட்டது.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையிலிருந்து வந்த அவள் கணவன் றிச்சர்ட், கத்தியைக் கூரைச் செருகலில் வைத்துவிட்டு, படத்தை விளக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தான். அவன் ஞாயிற்றுக்கிழமையில் கூலியை அன்றே கையில் தரும் கைக்காசு வேலைக்குப் போயிருந்தபடியால் ஆராதனைக்கு வரவில்லை.

“அச்சு அசலா இருக்கே,” என்றான்.

“அதாங்க பயமா இருக்கு. தொரை இந்தப் படத்தப் பாத்தாருன்னா, இந்த ரூம் எங்கன்னு கேக்கமாட்டாரா?”

“கேட்டா?”

“கேட்டா கணக்கப்புள்ள காட்டமாட்டாரா? வீரய்யா மாமாவுக்கு என்னா நடந்துச்சு? மறந்துட்டீங்களா?”

அவன் மறக்கவில்லை. மேல்பிரிவில் பழைய மருந்துக்கொட்டகையில் வீரய்யாவின் குடும்பம் இரண்டு தலைமுறையாக இருந்தது. சென்ற ஆண்டு யாரோ அந்தக் கட்டடம் பழைமையானது, அழகானது என்று படம் எடுத்துப் போனார்கள். ஆறு மாதத்துக்குள் அது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாயிற்று. வீரய்யா இப்போது ஆற்றோரத்தில், நாலு தகரத்துக்குள் இருக்கிறார். விடுதி முற்றத்தில் புல் வெட்டும் வேலையை அவருக்கே கொடுத்திருக்கிறார்கள், அது தயவாம்!

“நம்ம என்னா, கல்லத் தூக்கிக்கிட்டா ஓடப் போறோம்? விடு புள்ள,” என்று றிச்சர்ட் சொன்னான். ஆனால் எழுந்துபோய், வாசலுக்கு மேலிருந்த துளையில் குளிருக்காக அடைத்திருந்த சாக்கை இன்னும் இறுக்கிச் செருகினான். மறுநாள் மாலையில் களிமண்ணும் சாணமும் குழைத்து, வளைவின் கற்களை மூடி வழித்தான். மழைக்காலத்துச் சுவரில் பூச்சு பிடிக்குமா? இரண்டு நாளில் வெடித்து, பொருக்குப் பொருக்காக விழுந்தது. உள்ளிருந்து கல் மறுபடியும் எட்டிப்பார்த்தது.

*

மலையில் அந்த வாரம் முழுவதும் பனி. கொழுந்துக்காரிகள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிரைகளுக்குள் இறங்கினால், பக்கத்து நிரையில் நிற்பவளின் தலைத்துண்டு மட்டுந்தான் தெரியும். ஏஞ்சலாவின் கை தன்போக்கில் கிள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஒவ்வொன்றும் அவள் விரலில் அவள் வீட்டு வாசலாக முறிந்தது.

“என்னா புள்ள, மூஞ்சி பிளேன்டியில விழுந்த ஈ மாதிரி இருக்கு?” பக்கத்து நிரையிலிருந்து வீரம்மா கேட்டாள்.

“ஒண்ணுமில்ல மதினி. குளுரு.”

“பொறந்ததுல இருந்து இந்தக் குளுருலதான் நிக்கிற. இன்னைக்குத்தான் தெரியுதாக்கும்? ஆமா, ஒங்க கோயில்ல என்னமோ பெட்டி குடுத்தாங்களாமே. எங்க மாரியம்மங் கோயில்ல பொங்கலாச்சும் குடுக்குறோம். நீங்க கடதாசி குடுக்குறீங்க. திங்கவா முடியும்?”

“ஒட்டுறதுக்கு மதினி.”

“அடி ஆத்தி! ரொட்டி தட்ட மாவு இல்ல, கோயிலு ஒட்டப் போறாளுங்களாம்.”

நிரைகளில் சிரிப்பு ஓடியது. மேலே பாதையில் நின்ற கணக்கப்பிள்ளை, “பேச்சு ஓடினாக் கை நின்னுரும்!” என்று கத்தினார்.

“பேச்சு நின்னாத்தான், கணக்கப்புள்ள, கை நிக்கும்! வாயும் கையும் ஒரே இஞ்சின்லதான் ஓடுது!” என்று வீரம்மா திருப்பிக் கொடுத்தாள்.

ஏஞ்சலா செடியை விலக்கிக்கொண்டு அருகே போய்த் தாழ்ந்த குரலில், “மதினி, அந்தப் பெட்டியில ஒரு படம் இருக்கு. அதுல நம்ம...” என்று தொடங்கினாள்.

“படமெல்லாம் நான் பாக்கல,” என்று வீரம்மா உரக்கச் சொன்னாள். “பாக்கவும் மாட்டேன். ஒங்க படம், ஒங்க கோயிலு. எனக்கெதுக்கு?”

கணக்கப்பிள்ளை பத்தடியில் நின்றதை ஏஞ்சலா கவனிக்கவில்லை. அவள் கண்டதெல்லாம் வீரம்மாவின் திரும்பிய முதுகை மட்டுந்தான். தன்னோடு பத்தாண்டுகளாக ஒரே தூக்கில் சோறு தின்றவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்றால், சங்கதி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது; எல்லாரும் விலகுகிறார்கள். அப்படித்தான் அவள் எண்ணினாள்.

அன்று முதல் அவள் காணும் எதிலும் அதற்குச் சான்று கிடைத்தது. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடம் வைத்தால், அதுவரை கேட்ட பேச்சு நின்றது. இராசம்மா ஒருநாள் பாறையடிவரை வந்து, வாசலையும் பூச்சு உதிர்ந்த வளைவையும் மேலுங்கீழும் பார்த்துவிட்டு, “உப்பு கொஞ்சம் இருந்தாக் குடு,” என்று வாங்கிக்கொண்டு போனாள். இராசம்மாவின் வீட்டுக்குப் பக்கத்தில் கடை இருக்கிறது. உப்பு வாங்க மலையேறி வருவாளா?

*

பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து வந்ததும், ஏஞ்சலா கோதுமை மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துப் பசை காய்ச்சினாள். வெளியே தகரத்தில் மழை அறைந்தது. மகள் ஷாமிலா பாயில் தாள்களைப் பரப்பிவைத்து, விளக்கத்தை வாசித்தாள். அதிலிருந்த தமிழைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே நலம். இருந்தாலும் பொருள் விளங்கிற்று.

“முழுக்கோட்டுல வெட்டணும். புள்ளிக்கோட்டுல மடிக்கணும். ஓரத்துல விட்டிருக்கிற காதுல பசை பூசணும். அம்மா, அது கோபுரம். அதக் கடைசியாத்தான் ஒட்டணும். இப்பவே பூசிட்டு நிக்கிறீங்க!”

“எனக்கென்னாடி தெரியும்? நான் என்ன மேசன் வேலையா பாத்தேன்?”

“தொடக்கநிலையினருக்கானதுன்னு போட்டிருக்கு. அதான் ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கு.”

ஏஞ்சலா சிரித்துவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பின் வந்த சிரிப்பு. சவர பிளேட்டால் ஷாமிலா சன்னல்களை அறுத்தாள். ஏஞ்சலா சுவர்களை மடித்து நிறுத்தினாள். நடுவே தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் தின்றார்கள். கூரை பறந்த நாளையும் கோபுரம் சரிந்த நாளையும் பார்த்திராத அவளுடைய முழங்காலுக்கு முன்னால், கோயில் சாணுயரத்துக்கு எழுந்தது. மூன்றாந் தாள் முடிந்தது. நான்காந் தாளை ஷாமிலா எடுத்தாள். அதில்தான் அந்த அறை இருந்தது.

மூலையில் பீடி குடித்துக்கொண்டிருந்த றிச்சர்ட், “அத அடுப்புல போடு,” என்றான்.

“போட்டா?”

“போட்டா அந்த ரூம் இல்ல. ரூம் இல்லன்னா யாரு கேக்கப் போறா?”

“நம்ம வீட்டுக் கோயில்ல மட்டும் அது இல்லன்னா, எல்லாரும் அதத்தானேங்க பாப்பாங்க? அத்தன வீட்டுலயும் இருக்கு, இவ வீட்டுல மட்டும் ஏன் இல்லன்னு கேக்கமாட்டாங்களா? திருடன்தாங்க மூடி மறைப்பான். எல்லாரும் செய்யிற மாதிரி நாமளும் செஞ்சுருவோம். கூட்டத்தோட கூட்டமா நின்னுருவோம்.”

இருபது நாள் நெஞ்சுக்குள் உருட்டி உருட்டி அவள் கண்டடைந்த வழி அது. றிச்சர்டுக்கும் அது நியாயமாகப் பட்டது. பீடியை அணைத்தான்.

ஷாமிலா விளக்கத்தைத் தொடர்ந்தாள். “விரும்பினாக் கதவ மூணு பக்கமும் வெட்டித் திறந்து வைக்கலாம்னு போட்டிருக்கு. வெட்டவாம்மா?”

“வேணாம்!” என்று ஏஞ்சலா பதறினாள். “மூடியே இருக்கட்டும்.”

தன் வீட்டைத் தானே பிளேட்டால் அறுத்து, மடித்து, இடப்புறச் சுவரில் வைத்து அழுத்தினாள். பசை வழிந்தது. அந்த ஈரத்தில் மாப்பசை காயுமா? அடுப்புக்கு மேலே, எலி எட்டாத உயரத்தில், கொழுந்துக் கூடைக்குள் வைத்துக் கட்டித் தொங்கவிட்டார்கள். காலையில் கோபுரமும் கூரையும் இறுகியிருந்தன. கடைசியில் ஒட்டிய அறை மட்டும் தொட்டால் அசைந்தது.

*

அறுப்புப் பண்டிகைக்குத் தகரக் கோயிலின் முன்பகுதி முழுவதும் காணிக்கைகள். லீக்ஸ் கட்டுகள், கோவா எனும் முட்டைக்கோஸ், பறங்கிக்காய், கால் கட்டிய ஒரு சேவல், போத்தல் பால், நூலால் கட்டிய கொழுந்துப் பிடி. ஆராதனைக்குப் பின் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கென்று இந்துச் சனங்களும் வந்து பின்வரிசை வாங்குகளில் அமர்ந்திருந்தார்கள், வீரம்மாவும் வந்திருந்தாள். கடதாசிக் கோயில்களுக்கென்று ஓரமாக ஒரு நீள மேசை போட்டிருந்தது.

ஏஞ்சலா முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்ததை மேசையில் வைத்தாள். வைத்த பிறகுதான் மற்றவற்றைப் பார்த்தாள்.

எந்தக் கோயிலிலும் அந்த அறை இல்லை.

ஒன்றில் இடப்புறச் சுவர் வழுவழுவென்று மொட்டையாக நின்றது. ஒன்றில் அறை வரவேண்டிய இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். இராசம்மாவின் கோயிலில் அவ்விடத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு சவுக்குமரம் வரைந்திருந்தது. ஒரு கை வரிசையாகப் போய் அத்தனையிலும் அதை மட்டும் பிடுங்கினாற்போல இருந்தது. மேசை முழுவதிலும் வளைவு வாசலும் கொழுந்துத் துளையும் உள்ள கோயில் ஒன்றே ஒன்றுதான்.

பீலிக்கரையில் ஏன் பேச்சு நின்றது, இராசம்மா எதற்காக உப்பு வாங்க வந்தாள், வீரம்மா எதற்காக உரக்கப் பேசினாள் என்பதெல்லாம் ஒரே கணத்தில் அவளுக்கு விளங்கியது. ஒருவரோடு ஒருவர் மூச்சு விடாமல், அவரவர் வீட்டில் அவரவராக, அவளை மறைத்திருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் மறைத்ததினாலேயே, அவள் ஒருத்தி வெட்டவெளியில் நின்றாள்.

கையை நீட்டினாள். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது. போதகர் றோலண்ட் அங்கியோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் பெரிய துரையும், கண்ணாடி போட்ட மெலிந்த இளைஞன் ஒருவனும் வந்து முன்வரிசையில், மேசைக்கு எதிரிலேயே, அமர்ந்தார்கள். ஏஞ்சலா பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். போதகர் விதைப்பைப் பற்றியும் அறுப்பைப் பற்றியும் பேசினார். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. துரையின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இடப்புறம் சாய்ந்தால் அவள் மூச்சு நின்றது, நிமிர்ந்தால் மீண்டது. முன்வாங்கிலிருந்து இராசம்மா ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தாள். ‘என்ன காரியம் பண்ணிட்டே!’ என்று அந்தக் கண்கள் கேட்டன.

ஆராதனை முடிந்ததும் அந்த இளைஞன் மேசையருகே வந்தான். துஷாந்த் என்று போதகர் அறிமுகப்படுத்தினார். நல்ல பிள்ளை, அதில் ஐயமில்லை. ஒவ்வொன்றையும் குனிந்து குனிந்து பார்த்து, “ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க, நான் எதிர்பார்க்கவே இல்ல,” என்றான். பிறகு நெற்றியைச் சுருக்கினான். “ஆனா எல்லாத்திலயும் ஒரு பகுதி குறையுதே. நாலாவது தாள். உங்களுக்கு நாலாவது தாள் வரலியா?”

கட்டியிருந்த சேவல் மட்டும் சிறகடித்தது.

“அட! இது மட்டும் சரியா இருக்கு!” அவன் ஏஞ்சலாவின் கோயிலை இரு கையாலும் தூக்கித் துரையிடம் காட்டினான். “இத செஞ்சது யாரு?”

துரையும் எழுந்து வந்தார். விரலால் அந்தச் சிறிய வளைவைத் தொட்டு, “மேக்க காகெத?” என்று, யாருடையது இது என்று, சிங்களத்தில் கேட்டார். துரை கணக்கப்பிள்ளையிடம் திரும்பினார். அந்த இடத்தில் இப்போது இந்த அறை இருக்கிறதா என்று கேட்டார்.

கணக்கப்பிள்ளை கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார். தமிழும் சிங்களமும் கலந்து, “ஒண்ணுமில்ல சேர். பழைய கட்டை மடுவம் ஒண்ணு,” என்றார். அவருங்கூட!

அப்படியானால் போய்ப் பார்ப்போம், பலகையை அங்கேயே நடலாம் என்றார் துரை. துஷாந்தின் முகம் மலர்ந்தது.

ஏஞ்சலா எழுந்தது அவளுக்கே தெரியாது. கால்கள் நடந்தன. மேசைக்கு வந்து, துஷாந்தின் கையிலிருந்த கோயிலின் இடப்புறத்தைப் பிடித்து இழுத்தாள். ஈரப் பசை சத்தமின்றி விட்டுக்கொடுத்தது. அறை அவள் கையோடு வந்துவிட்டது.

“என்னுதுங்க சேர். தப்பா ஒட்டிட்டேன்,” என்றாள். “வேற எங்கயோ ஒட்டவேண்டியத இங்கன ஒட்டிட்டேன். படிப்பு இல்லீங்க சேர். மன்னிச்சுக்கங்க.”

“இல்லம்மா, நீங்க செஞ்சதுதான்...” என்று துஷாந்த் தொடங்குவதற்குள், பின்வாங்கிலிருந்து வீரம்மா எழுந்து நின்று, துரைக்கு விளங்கும்படி, “கூடெல்லோ இன்னவா சேர்!” என்று கூவினாள். “அட்டைங்க! பாறையடியெல்லாம் அட்டை. மழைக்குச் சப்பாத்துக்குள்ளயே போயிரும். போன கெழம எங்க ஆளுக்கு...” என்று, அட்டை ஏறிய இடத்தைக் கையால் காட்டவும் முற்பட்டாள்.

சிரிப்பு வெடித்தது. துரை தன் மஞ்சள் நிறச் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். வெளியே மழை இன்னும் விடவில்லை. பலகையைப் பஸ் நிற்கும் சந்தியிலேயே நட்டால் எல்லாருக்கும் தெரியும் என்று சொன்னார்.

துஷாந்த் மொட்டைச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றான். “தப்பு என்னோடதுதான்,” என்றான் மெதுவாக. “தொடக்கநிலையினருக்கு நாலாவது தாள் கஷ்டமா இருக்கு போல. எல்லாருமே அதில தடுக்கி விழுந்திருக்கீங்க. அடுத்த பதிப்பில அத எடுத்துடலாம்.”

“ஆமாங்க சேர், எடுத்துருங்க,” என்றாள் ஏஞ்சலா. அவள் கைக்குள் அந்த அறை கசங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் இராசம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி மூதேவி, ஒனக்காகத்தானடி அத்தன பேரும் அத விட்டோம்! நீ போயி அத மட்டும் ஒட்டிக்கிட்டு வந்து நிக்கிற!”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா.”

“எப்புடிடி சொல்றது? ஒன் மாமனார் காலத்துல இருந்து வாயத் தொறக்காத பேச்ச எப்புடிடி தொறக்குறது?” இராசம்மா அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு இருவரும் குடைக்குள் நின்று சிரித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

*

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே இல்லை.

மறு ஆண்டு இரண்டாம் பதிப்பு வந்தது. துஷாந்த் வாக்குத் தவறவில்லை. நான்காந் தாள் இல்லை. இடப்புறச் சுவர் சீராக, அழகாக, மொட்டையாக இருந்தது. பெட்டியின் முகப்புப் படத்திலிருந்தும் அறையை நீக்கியிருந்தார்கள். ஏஞ்சலா அதைக் கண்டு கர்த்தருக்குத் தோத்திரம் சொன்னாள்.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வீடுகளுக்கு முகவரி இலக்கம் பொருத்துவதற்கு ஆட்கள் வந்தார்கள். இனிமேல் கடிதம் தோட்ட அலுவலகமான கந்தோருக்குப் போகாது, நேரே வீட்டுக்கு வரும் என்றார்கள். லயத்துக் கதவுகளிலெல்லாம் நீலத் தகடு ஏறியது. வீரம்மா தன் தகட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பாறையடிக்கு அவர்கள் வந்தபோது ஏஞ்சலா வாசலில் நின்றாள். அவர்களில் மூத்தவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “இது கட்டை மடுவம்,” என்று மற்றவனிடம் சொல்லித் திரும்பினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் என்றால், அந்தச் சொல்லைக் கேட்டு அவள் நெஞ்சு குளிர்ந்திருக்கும். இப்போது வேறொரு பயம் அவளைப் பிடித்தது. அது அந்தப் பழைய பயத்திலும் பெரிதாக இருந்தது. ஷாமிலா கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க இருந்தாள். நேர்முகத்துக்கு அழைக்கும் கடிதம் எந்தக் கதவுக்கு வரும்? துரத்திவிடுவார்களோ என்று அஞ்சியே வாழ்ந்தவளுக்கு, துரத்துவதற்குக்கூட ஆளில்லாத இடமாகத் தன் வீடு ஆகிவிட்டது அன்றுதான் தெரிந்தது.

“ஐயா, நில்லுங்க!” என்று கூப்பிட்டாள். அந்தப் பேச்சை அந்தத் தோட்டத்தில் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னவள் அவள்தான். “இது மடுவம் இல்லீங்க. கோயிலோட ரூம். எங்க மாமனார் காலத்துல இருந்து நாங்க இங்கனதான் இருக்கோம். இது வீடுங்க.”

“எந்தப் படத்துலம்மா இருக்கு?” என்று அவர் பொறுமையாகவே கேட்டார்.

அவள் உள்ளே ஓடினாள். வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்ததை எடுத்துவந்து நீட்டினாள். கசங்கி, ஒரு காது கிழிந்து, மாப்பசை மஞ்சளித்த ஒரு கடதாசி அறை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வெளையாட்டுச் சாமானுக்கெல்லாம் நம்பர் குடுக்க ஏலாதும்மா,” என்றார். “சரி, இது வந்த பெட்டிய முழுசாக் கொண்டாங்க பாப்போம்.”

இராசம்மா தன் வீட்டிலிருந்த பெட்டியோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள். அவசரத்தில் அவள் எடுத்து வந்தது இரண்டாம் பதிப்பு. அதில் சுவர் மொட்டையாக இருந்தது. முதற்பதிப்பின் நான்காந் தாளையும் அறை அச்சிட்ட பெட்டியையும் அவளும், அவளைப் போல மற்றவர்களும், அன்றே அடுப்பில் போட்டுவிட்டார்கள். ஏஞ்சலாவின் பெட்டியும் அப்படித்தான் எரிந்திருந்தது. அந்த ஆட்கள் இறங்கிப் போனார்கள்.

அன்று மாலையில் ஏஞ்சலா ஸ்டூலில் ஏறி, வாசலுக்கு மேலிருந்த சாக்கைப் பிடுங்கி எறிந்தாள். மிஞ்சியிருந்த பூச்சைக் கவ்வாத்துக் கத்தியால் சுரண்டினாள். இருட்டுவதற்குமுன் கல் முழுவதும் வெளியே வந்துவிட்டது. துளை வழியாகக் காற்றும் பனியும் உள்ளே வருகின்றன. மூவரும் குளிரில் சுருண்டு படுக்கிறார்கள். எவரேனும் கீழே பாதையில் பேசிக்கொண்டு போனால் அவள் நெஞ்சு இன்னமும் படபடக்கிறது. ஆனாலும் அவள் மறுபடியும் அடைக்கவில்லை. வீட்டுக்கு இன்றுவரை இலக்கம் கிடைக்கவில்லை.

ஆகையால், இதை வாசிக்கிறவரே, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. வேண்டுகோளாக அன்று, கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பிலும் விற்ற முதற்பதிப்புப் பெட்டி உங்கள் அலுமாரியில் எங்கேனும் கிடக்கும். எழுந்துபோய்த் தேடுங்கள். நான்காந் தாளை எடுங்கள். முழுக்கோட்டில் வெட்டுங்கள், புள்ளிக்கோட்டில் மடியுங்கள், நல்ல பசையாகப் பூசி, இடப்புறச் சுவரில், பிடுங்கினாலும் வராதபடி ஒட்டுங்கள். கதவை மூன்று பக்கமும் வெட்டித் திறந்து வையுங்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர், கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருப்பவர், யாராயிருந்தாலும் விரலை நீட்டி, “இது என்ன?” என்று கேட்டால், விறகுக் கொட்டகை என்று சொல்லாதீர்கள், காணாமற்போன கோயில் என்றும் சொல்லாதீர்கள். வீடு என்று சொல்லுங்கள்.